ஒன்பதரை மணி ஆட்டம்
மலாக்காத் தோட்டங்களில் ஆங்கிலக் காற்பந்து நினைவுகள்

மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்து, இன்று ஜாசினிலும் மெர்லிமாவிலும் அலோர் காஜாவிலும் வீடு வாங்கிக் குடியேறிவிட்ட பெரியவர்கள் இருவர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எங்குத் தொடங்கினாலும் சிறிது நேரத்தில் பழைய காற்பந்து ஆட்டங்களில் வந்து நிற்கும். அதுவும் நம் நாட்டு ஆட்டங்கள் மட்டுமல்ல. தொலைக்காட்சியில் கண்ட ஆங்கில நாட்டு ஆட்டங்கள். யார் அடித்த கோல், எந்தக் காலால் அடித்தது, கோல் காவலர் எந்தப் பக்கம் பாய்ந்தார் என்றெல்லாம் நேற்று நடந்ததுபோல் சொல்வார்கள். கேட்கும் இளைஞர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் வரலாறு பயிற்றும் ஆசிரியர் சிரித்துவிட்டுப் போக முடியாது. தோட்ட மக்களின் வாழ்வைப் பற்றி எழுதி வைக்கப்பட்ட ஏடுகள் குறைவு. இருப்பவற்றுள்ளும் பெரும்பாலானவை நிருவாகத்தின் கணக்கேடுகள். மக்கள் எதைக் கண்டு மகிழ்ந்தார்கள் என்பதை அறிய அவர்களுடைய நினைவைத் தவிர வேறு சான்று நமக்கு இல்லை. அந்தச் சான்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

முதலில் ஆங்கில நாட்டின் நிலைமையைச் சிறிது நோக்குவோம். அங்குக் கிண்ண இறுதியாட்டம் முழுமையாகத் தொலைக்காட்சியில் நேரே காட்டப்பட்டது 1938ஆம் ஆண்டில். பிரஸ்டன் குழு ஹடர்ஸ்ஃபீல்டு குழுவைக் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் கிடைத்த பெனால்டியால் வென்ற ஆட்டம் அது. லீக் ஆட்டங்களின் கதை வேறு. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றால் திடலுக்கு யார் வருவார்கள் என்று குழுக்கள் அஞ்சின. 1964 ஆகஸ்டு 22ஆம் நாள் பிபிசி நிலையம் தொடங்கிய ‘மேட்ச் ஆஃப் தி டே’ நிகழ்ச்சியும் ஆட்டம் முடிந்தபின் இரவில் காட்டப்பட்ட தொகுப்பே. லிவர்பூலும் ஆர்சனலும் மோதிய அந்த முதல் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் கண்டவர்களைவிடத் திடலில் கண்டவர்களே மிகுதி என்பார்கள். 1960இல் ஒருமுறை செய்து பார்த்துக் கைவிட்ட முயற்சியை விட்டுவிட்டால், லீக் ஆட்டங்களை நேரே காட்டும் வழக்கம் 1983 அக்டோபரில்தான் அந்நாட்டிலேயே ஏற்பட்டது. ஆகவே ஆண்டில் ஒரு நாள், மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் வெம்பிளித் திடலில் நடந்த கிண்ண இறுதியாட்டம்தான் பெருநாள். இன்று வாரம் முழுவதும் ஆட்டம் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பஞ்சத்தை விளக்குவது கடினம்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. 1970இல் குவாந்தானில் செயற்கைக்கோள் தரைநிலையம் அமைந்தபின் வெளிநாட்டு நிகழ்ச்சிகளை அப்போதைக்கப்போதே பெற வழி ஏற்பட்டது. அதற்கு முன்பும் பின்பும் ‘ஸ்டார் சாக்கர்’, ‘பிக் லீக் சாக்கர்’ முதலிய தொகுப்புகள் அங்கே படமாகி, ஆறப்போட்ட சோறுபோல் இங்கு வந்து சேர்ந்தன. முடிவு செய்தித்தாளில் வந்து பழையதாகிப் போயிருக்கும். ஆனாலும் முடிவு தெரிந்த ஆட்டத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தவர்கள் நம்மவர்கள். தெருக்கூத்தில் துரியோதனன் வீழ்வான் என்று தெரிந்தே விடியும்வரை அமர்ந்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா!

மலாக்காத் தோட்டங்கள் பழமையானவை. 1896இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வாணிக நோக்கோடு எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. அத்தகைய தோட்டங்கள் பலவற்றில் 1970களிலும் அரசாங்க மின்சாரம் வந்து சேரவில்லை. தோட்டத்துக்கென்று ஓர் இயந்திரம் இருக்கும். ‘லைட் இஞ்சின்’ என்பார்கள். மாலையில் ஓடத் தொடங்கி இரவு பத்து மணிக்கு நிற்கும். விடியற்காலை ஐந்தரைக்குப் பிரட்டுக்கு நிற்க வேண்டியவர்களுக்கு அதற்குமேல் வெளிச்சம் எதற்கு என்பது நிருவாகத்தின் எண்ணம். சில இடங்களில் கார் பேட்டரியில் தொலைக்காட்சியை ஓட்டினார்கள். பேட்டரி தளரத் தளரப் படம் நான்கு புறமும் சுருங்கி, கடைசியில் ஆட்டக்காரர்கள் தீப்பெட்டி அளவுத் திடலில் ஓடுவார்கள்.

இனி நேரக் கணக்கைப் பார்ப்போம். இதுவே என் ஆராய்ச்சிக்கு அடிப்படை. லண்டனில் கிண்ண இறுதியாட்டம் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும். கோடைக்காலத்தில் அந்நாட்டுக் கடிகாரம் கிரீன்விச் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் ஓடும். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1981 இறுதிவரை கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முன்னால் இருந்தது. ஆகவே அங்கு மூன்று மணி, இங்கு இரவு ஒன்பதரை. சபா, சரவாக் மாநிலங்களோடு நேரத்தை ஒன்றுபடுத்தும் பொருட்டு 1982 சனவரி முதல் நாளன்று நம் கடிகாரங்கள் அரைமணி முன்னே தள்ளி வைக்கப்பட்டன. அதுமுதல் இறுதியாட்டம் இங்குப் பத்து மணிக்குத் தொடங்கியது.

இந்த அரைமணி ஓர் உரைகல். ‘ஒன்பதரைக்கு ஆட்டம்’ என்று ஒருவர் சொன்னால் அவர் நினைவு 1982க்கு முற்பட்டது. ‘பத்து மணிக்கு’ என்றால் பிற்பட்டது. இன்னோர் உரைகல் நிறம். நம் தொலைக்காட்சியில் வண்ண ஒளிபரப்பு 1978 இறுதியில்தான் வந்தது. அன்பர் ஒருவர், 1976இல் சவுதாம்டன் குழுவின் பாபி ஸ்டோக்ஸ் மான்செஸ்டர் யுனைடெட்டை வீழ்த்திய கோலை வண்ணத்தில் கண்டதாகச் சாதித்தார். ‘மஞ்சள் சட்டை ஐயா, மஞ்சள் சட்டை!’ என்று மேசையைத் தட்டினார். சவுதாம்டன் அன்று மஞ்சள் சட்டையில் ஆடியது உண்மையே. ஆனால் அந்த மஞ்சளை அவர் அன்று கண்டிருக்க முடியாது. பின்னர்ச் செய்தித்தாள் படத்திலோ மறு ஒளிபரப்பிலோ கண்ட நிறத்தை மனம் எடுத்துப் பழைய படத்தில் பூசிவிட்டது. மற்றொருவர் 1973இல் சண்டர்லாந்துக் கோல் காவலர் மாண்ட்கமரி அடுத்தடுத்து இருமுறை பந்தைத் தடுத்த காட்சியைச் சொல்லும்போது, கறுப்பு வெள்ளைப் பெட்டி என்றும் ஒன்பதரை என்றும் கேளாமலே சொன்னார். இந்தச் சாட்சியம் உரைகல்லில் நிற்கிறது.

இவர்களையெல்லாம் சோதித்தவன் என்னைச் சோதிக்காமல் விடலாமா?

என் நெஞ்சில் நெடுங்காலம் இருந்த காட்சி இது. எனக்குப் பத்து வயது. தோட்டத்து மண்டபத்தில் உயரமான மரப்பெட்டிக்குள் தொலைக்காட்சி. வாரம் ஒரு தமிழ்ப்படத்துக்கென்றே வாங்கிய பெட்டி அது. என் அப்பாவின் மடியில் சாய்ந்துகொண்டிருக்கிறேன். டாட்டன்ஹாம் குழுவின் ரிக்கி வில்லா, அர்ஜென்டினாவிலிருந்து வந்த அந்தத் தாடிக்காரர், மான்செஸ்டர் சிட்டியின் தடுப்பாளர்களை ஒருவர் பின் ஒருவராக ஏய்த்து உள்ளே புகுந்து கோல் அடிக்கிறார். அப்பா என் தோளைப் பிடித்துக் குலுக்குகிறார். இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் கட்டுரையாகவே எழுதிப் பாராட்டும் பெற்றேன்.

வில்லாவின் அந்தக் கோல் 1981ஆம் ஆண்டுக் கிண்ணத்தில் விழுந்தது. நூறாவது இறுதியாட்டம் என்பதால் அதற்குத் தனிச் சிறப்பு. ஆனால் கோல் விழுந்தது இறுதியாட்டத்தில் அன்று, மறு ஆட்டத்தில். மே 9ஆம் நாள் சனிக்கிழமை நடந்த முதல் ஆட்டம் 1–1 எனச் சமநிலையில் முடியவே, மே 14ஆம் நாள் வியாழக்கிழமை மாலை வெம்பிளியிலேயே மீண்டும் ஆடினார்கள். லண்டன் வியாழன் மாலை நமக்கு வெள்ளி விடியற்காலை இரண்டு மணி. அந்த நேரத்தில் எங்கள் தோட்டத்தில் இஞ்சின் ஓடியதில்லை. மூன்றரை மணி நேரத்தில் பிரட்டுக்கு நிற்க வேண்டிய என் அப்பா, மகனை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டம் பார்த்திருக்கவும் மாட்டார். வில்லாவின் கோலை நான் கண்டது பின்னர் ஏதோ ஒரு தொகுப்பில். அப்போது அப்பா உடன் இருந்தாரா என்பது கேள்விதான்.

அப்படியானால் நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்தது எது? மே 9ஆம் நாள் ஆட்டம். இதற்குச் சான்று உண்டு. அன்று இஞ்சினைப் பதினொரு மணிவரை ஓட்ட நிருவாகி இசைவு தந்திருந்தார். பெரிய கிராணி போய்க் கேட்டு வாங்கி வந்த இசைவு அது; தோட்டத்தில் பலருக்கும் நினைவிருக்கிறது. டாட்டன்ஹாம் வெள்ளைச் சட்டை, சிட்டி இளநீலம். எங்கள் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் இரண்டும் சலவைக்குப் போட்ட துணிபோல் வெளிறித் தெரிந்தன. ஆளை அடையாளம் காண்பதே பெரும்பாடு. தாடி ஒன்றே தெளிவாகத் தெரிந்த அடையாளம். ஆதலால் மண்டபம் முழுவதும் தாடிக்காரர் பக்கம் சேர்ந்துவிட்டது.

சிட்டியின் டாமி ஹட்சிசன் முதற்பாதியில் தலையால் முட்டி ஒரு கோல் அடித்தார். இரண்டாம் பாதியில், 68ஆம் நிமிடத்தில், வில்லாவை வெளியே அழைத்துக்கொண்டு வேறொருவரை இறக்கினார்கள். அவர் தம் குழுவின் இருக்கையில் அமரவில்லை; தலையைத் தொங்கவிட்டபடி திடலோரமாகத் தனியே நடந்து உடைமாற்றும் அறைக்குப் போனார். இந்த இடத்தில்தான் அப்பா பேசினார். அந்தச் சொற்களில் எனக்கு ஐயமில்லை. எந்தத் தொகுப்பும் அவற்றை எனக்குப் பிற்காலத்தில் கொடுத்திருக்க முடியாது. “பாவம், அரை நாள் பேரோட அனுப்பிட்டாங்க பாரு,” என்றார். மழை பெய்து பால்வெட்டு நின்றுபோன நாள்களில் கூலிக்கணக்கு எப்படி ஆகும் என்று அறிந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும்.

இதன்பின் கணக்கு இன்னும் நுட்பமாகிறது. இடைவேளை பத்து நிமிடம் என்று கொண்டால், எண்பதாவது நிமிடம் நம் கடிகாரத்தில் இரவு பதினொரு மணியை ஒட்டி வரும். ஏறத்தாழ அந்த நிமிடத்தில்தான் டாட்டன்ஹாமின் கிளென் ஹாடில் உதைத்த ஃப்ரீ கிக் பந்து ஹட்சிசன் மேல் பட்டுத் திசைமாறி, அவருடைய குழுவின் வலைக்குள்ளேயே விழுந்தது. ஒரே ஆட்டத்தில் இருபுறமும் கோல் அடித்தவர் என்று அவர் பெயர் நிலைத்தது. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. எங்கள் மண்டபம் அதைக் காணவில்லை. இஞ்சின் நின்றது, பெட்டியின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி சிறுத்து மறைந்தது, எல்லோரும் டார்ச்சு விளக்கோடு லயங்களுக்குத் திரும்பினோம். சிட்டி வென்றுவிட்டது என்றே தோட்டம் முழுவதும் நம்பியது. கிராணி செய்தித்தாளைக் கொண்டுவந்து சமநிலை என்று சொன்னபோது, ‘தாடிக்காரனுக்கு மறுபடி பேர் கிடைக்குமா’ என்பதே முதல் கேள்வியாக இருந்தது. கிடைத்தது. வியாழன் ஆட்டத்தில் வில்லா இரண்டு கோல் அடித்தார். டாட்டன்ஹாம் 3–2 என வென்றது.

ஆகவே என் நினைவில் இருந்த கோல் பொய்; மடி மெய். இரண்டு நாள்களின் காட்சிகளை மனம் ஒன்றாகத் தைத்து வைத்திருந்தது. நான்காம் ஆண்டிலிருந்து வரலாறு ஒரு பாடமாக நடத்தப்படும் இக்காலத்தில், தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வா என்று மாணவனை அனுப்பும் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘என்ன பார்த்தீர்கள்’ என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடையைவிட, ‘அப்போது மணி என்ன? விளக்கு எரிந்ததா? பக்கத்தில் யார் இருந்தார்கள்?’ என்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் விடை உறுதியானது. கோல்களின் பதிவு ஆங்கில நாட்டாரிடம் பத்திரமாக இருக்கிறது. மண்டபத்தின் பதிவு யாரிடமும் இல்லை.

இதனால் நம் நாட்டு ஆட்டத்தை நம்மவர்கள் மறந்தார்கள் என்று கொள்ளலாகாது. 1975 மே மாதம் ஆர்சனல் குழு கோலாலம்பூருக்கு வந்து மெர்டேக்கா அரங்கில் ஆடியபோது, மொக்தார் டஹாரியின் இரு கோல்களால் 2–0 எனத் தோற்றது. 1978இல் இங்கிலாந்து ‘பி’ குழு வந்து 1–1 எனச் சமநிலை கண்டது; அப்போதும் கோல் மொக்தாருடையதே. திரையில் தேவர்கள்போல் தோன்றியவர்கள் நம் மண்ணில் வியர்த்ததைக் கண்டபின் தோட்டத்து இளைஞர்கள் திரையைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அக்காலத் தேசியக் குழுவின் தற்காப்புத் தூணான சோ சின் ஆன் நம் மலாக்காக்காரர். கோல் கம்பத்தைக் காத்த ஆர். ஆறுமுகம் ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடு முழுவதும் அழைக்கப்பட்டவர். 1988இல் கார் விபத்தில் மறைந்தார். தோட்டத் திடல்களில் கம்பத்தின் நடுவே நின்ற ஒவ்வொரு சிறுவனும் அன்று ஆறுமுகம்தான். நானும் சில மாலைகள் ஆறுமுகமாக இருந்து முட்டியைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் திடல்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது, சிலவற்றில் வீடுகள். எங்கள் மண்டபம் இருந்த இடத்தில் சாலை போகிறது.

சென்ற மாதம் 1981 மே 9ஆம் நாள் ஆட்டத்தின் பதிவைக் கைப்பேசியில் தேடி எடுத்துப் பார்த்தேன். வண்ணப் பதிவு. இளநீலம் நன்றாகவே தெரிந்தது. வில்லா தனியே நடந்து போகும் இடத்தில் சற்று நிறுத்திவிட்டு, மறுபடியும் ஓடவிட்டேன். ஹாடில் உதைத்தார், பந்து ஹட்சிசன் மேல் பட்டு வலைக்குள் சென்றது. அப்பா பார்க்காத பகுதி அது.