எருவும் உரமும்

திருவள்ளூர் மாவட்டத்துப் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் இப்போது நடைப்பயிற்சிப் பாதை இருக்கிறது. 2019இல் அங்கே பசுமைப் பூங்கா திறந்தார்கள். ஏரி பாய்ந்த வயல்களில் வீடுகள் எழுந்துவிட்டன. வயல் போனாலும் வயலின் சொல் போகவில்லை. மாடியில் கத்தரி வளர்ப்பவரும் “செடிக்கு உரம் போட்டீங்களா?” என்றுதான் கேட்கிறார்.

அந்தக் கேள்வியில் முன்பு இருந்திருக்க வேண்டிய சொல் எரு. திருக்குறளில் இரண்டு சொல்லும் உண்டு, இரண்டும் வேறு வேறு. உழவு அதிகாரம் நிலத்துக்கு இடுவதை எரு என்கிறது. ஊக்கமுடைமை அதிகாரத்தில் வரும் உரமோ மனத்திண்மை. மார்புக்கும் வலிமைக்கும் உரம் என்றே பெயர். கைக்குழந்தை ஓயாமல் அழுதால் ‘உரம் விழுந்திருக்கு’ என்று பாட்டிமார் சொல்வதும் உடம்பைப் பற்றியதுதான்.

எரு இட்டால் மண்ணுக்கு உரம் ஏறும். ஏறும் வலுவின் பெயர் இடும் பொருளுக்கே ஆகிவிட்டது என்று கருதுகிறேன்; இலக்கணத்தார் இதைக் காரியவாகுபெயர் என்பார்கள். 1906இல் ராணிப்பேட்டையில் பாரி நிறுவனம் சூப்பர் பாஸ்பேட் செய்யத் தொடங்கியது. பிறகு மணலியிலும் உர ஆலை வந்தது. உரம் என்றால் மூட்டை என்றானது. எரு எருமுட்டையாகச் சுருங்கியது. எருவைச் சொல்லவே உரத்துக்கு ‘இயற்கை’ என்று அடைமொழி போட வேண்டிய நிலை.

மூட்டை வந்த காலத்தில் நல்ல சொற்களும் வந்தன: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் என்ற பெயர்கள் உழவருக்குச் சொல்லாததை இவை சொல்லிவிடுகின்றன. தழைச்சத்தை யூரியாவாகக் கொட்டினால் பாதிக்குப் பாதி காற்றோடும் நீரோடும் போகக்கூடும். பசுந்தாள் பயிரான தக்கைப்பூண்டு அதைக் காற்றிலிருந்தே பிடித்து வைக்கும். ஏக்கருக்கு 20 கிலோ விதை. 45, 50 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும். அதற்கு முன் ஒரு செடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. யூரியா பயிருக்குச் சத்துத் தரும், மண்ணுக்கு மக்கு தராது. மண்ணின் உரம் அந்த மக்கில்தான் இருக்கிறது.

இதற்காக மூட்டையை ஒரேநாளில் தூக்கி எறியச் சொல்லமாட்டேன். இலங்கை 2021இல் இரசாயன உர இறக்குமதியை அப்படித்தான் நிறுத்தியது. நெல் விளைச்சல் சரிந்தது, அந்த ஆண்டுக்குள்ளேயே தடையையும் தளர்த்த வேண்டியதாயிற்று. குறைப்பதற்கு முறை உண்டு. யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4, வேப்பம்பிண்ணாக்கு 1 என்று கலந்து ஓர் இரவு வைத்திருந்து இட்டால் சத்து மெல்லக் கரையும், வீணாவது குறையும்.

திருவள்ளூர் மாவட்டத்தில் இன்னும் நெல் விளைகிறது. திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. அடுத்த பட்டத்துக்கு மூட்டை வாங்கக் கிளம்பும் முன், வயல் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்து, என்ன குறைகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.