பெயரற்ற முகங்கள்

சீனத்திலிருந்து தாயகம் திரும்பும் வழியில், 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் கரையைத் தொட்டவர் மார்க்கோ போலோ. மயிலையில் புனித தோமையார் கல்லறையைப் பற்றி மட்டும் அவர் கூறவில்லை. கிறிஸ்தவரும் இசுலாமியரும் அங்கு வந்ததையும், அவ்விடத்துச் செம்மண்ணை நோய்க்கு மருந்தாக எடுத்துச் சென்றதையும் கூறினார்.

பின்னர் ஒளிப்படக் கருவி வந்தது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்னும் ஆங்கில நூலில், மனிதர் பலர் சாதிப் பெயரோடு நிற்கின்றனர். சொந்தப் பெயர் இல்லை.

1896-இல் எழுந்த சாந்தோம் பேராலயத்தை இன்று நாமும் படமெடுக்கிறோம். வாயிலில் மெழுகுதிரி விற்கும் அன்னையும் அதில் விழுகிறார். அவர் பெயரைக் கேட்டோமா? ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கும் ஆயனின் மந்தையன்றோ நாம்!