தீர்மான நோட்டும் சரித்திரம்தான்



"உங்க குழுவை யார் ஆரம்பிச்சது?" என்று கேட்டால், "அப்போ இருந்த ஊக்குநர் அக்கா" என்கிறோம். பேர் சட்டென்று வருவதில்லை. ஆனால் நூறு வருஷம் தாண்டிய ஒரு பெண்கள் சங்கத்தை ஆரம்பித்தவர்கள் பேர் இன்றும் தெரிகிறது.

1917 மே 8 அன்று சென்னை அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. அன்னி பெசன்ட் தலைவர். மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா இருவரும் முன்னின்று உழைத்தார்கள். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டார்கள். 1921-ல் சென்னை மாகாணத்தில் அது கிடைத்தது, சொத்துள்ள பெண்களுக்கு மட்டும். அந்தச் சங்கத்தின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-ல் சட்டசபைத் துணைத் தலைவரானார். இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? 1918 முதல் அவர்கள் 'ஸ்திரீ தர்மா' என்ற பத்திரிகை நடத்தினார்கள். அதைப் படித்து வரலாற்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் கதி? அம்பை என்ற பெயரில் கதை எழுதும் ஆய்வாளர் சி.எஸ். லட்சுமி, 1988-ல் மும்பையில் 'ஸ்பாரோ' என்ற ஆவணக் காப்பகத்தை ஆரம்பித்தார். பெண்கள் வாயால் சொன்னதைப் பதிவு செய்வதும், போட்டோ சேர்ப்பதும் அதன் வேலை. சொன்ன பேச்சும் சரித்திரம்தான் என்று காட்டினார்.

நம்ம கதைக்கு வருவோம். தமிழ்நாட்டில் அரசு மகளிர் குழுத் திட்டம் 1989-ல் தர்மபுரியில் தொடங்கியது. பிறகு சேலம், தென்னாற்காடு என்று பரவியது. அப்போது கள்ளக்குறிச்சி தென்னாற்காட்டில்தான் இருந்தது. கல்வராயன் மலையிலோ 1976 வரை ஜாகீர்தார் ஆட்சி. அதைப் பார்த்த பாட்டிகள் இன்றும் மலையில் இருக்கிறார்கள். ஜாகீர்தாருக்கு அடங்கிய ஊரில் பிறந்து, தன் பேரில் பேங்க் பாஸ்புக் வாங்கிய பெண்ணின் கதையை அவரே சொன்னால்தான் உண்டு.

நம்மிடம் பத்திரிகை இல்லை. தீர்மான நோட்டு இருக்கிறது. யார் கூட்டம் போட்டார், முதல் உள்கடன் யாருக்கு, எதுக்கு என்பதெல்லாம் அதில்தான். அதைக் கரையான் தின்றாலோ, பழைய பேப்பர் கடைக்குப் போனாலோ நம்மை ஆரம்பித்தவர்கள் பேரும் போச்சு.

அதனால் ஒவ்வொரு குழுவும் முதல் நோட்டைத் தேடி எடுங்கள். கைநாட்டுக்குப் பக்கத்தில் பேர் இல்லையென்றால், தெரிந்தவரிடம் கேட்டு ஒரு தனித்தாளில் எழுதி உள்ளே வையுங்கள். பக்கங்களை செல்போனில் போட்டோ எடுங்கள். மூத்த அக்காமாரைப் பேசச் சொல்லிப் பதிவு பண்ணுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தின் முதல் தீர்மானம் இதுவாக இருக்கட்டும்.