பேட்டைச் சுவர்களின் வயது: நெல்லைச் சீமைக் கருப்பட்டி வழிகள் பற்றி ஒரு மறுவாசிப்பு

தாமிரபரணிக்குத் தெற்கே தேரிக்காட்டில் காய்ச்சிய கருப்பட்டி வடக்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டால், ஆய்வாளர் பலரும் ராபர்ட் ஹார்டுகிரேவின் விடையையே திருப்பிச் சொல்கிறார்கள். தமிழக நாடார்களைப் பற்றி அவர் 1969-இல் வெளியிட்ட நூலுக்கு ஈடாக இத்துறையில் இன்னொன்றைச் சொல்வது கடினம். ஆனால் அதன் மையமான காரணவிளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை.

அவர் சொல்வது இது. 1801-இல் பாளையக்காரர் போர் முடிந்தது. கும்பினி ஆட்சியின் அமைதியில் பாதைகள் திறந்தன. தெற்கத்தி வணிகர்கள் மாடுகளில் சரக்கேற்றி மறவர் சீமைக்குள் நுழைந்தார்கள். வழிநெடுக மதில் சூழ்ந்த பேட்டைகளைக் கட்டினார்கள். உள்ளே இறங்கும் சரக்குக்கு மகமை வசூலித்து, அதிலிருந்தே பேட்டையைப் பராமரித்தார்கள். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களும் இப்படித்தான் வளர்ந்தன.

நிகழ்ச்சிகளின் வரிசையில் பிழையில்லை. அமைதி வந்ததால் பேட்டை வந்தது என்ற முடிவுதான் இடறுகிறது. பாதையில் அச்சமில்லை என்றால் மதில் எதற்கு? இரவில் மாடுகளை உள்ளே அடைத்துக் கதவைச் சாத்துவது எதற்கு? பாளையக்காரர் போன பிறகும் ஊர்க்காவல் முறை 19-ஆம் நூற்றாண்டு நெடுகத் தெற்கே நீடித்தது. பேட்டை, அமைதியின் விளைச்சல் அல்ல. அமைதி எட்டாத இடத்தில் வணிகர்கள் தாமே செய்துகொண்ட ஏற்பாடு.

வணிகத்தின் தேவையும் 1801-க்காகக் காத்திருக்கவில்லை. ஆற்றங்கரையில் நெல், கரிசலில் பருத்தி, தேரியில் கருப்பட்டி, கடலோரத்தில் உப்பும் கருவாடும் என்று நெல்லைச் சீமை பிரிந்து கிடக்கிறது. நஞ்சையும் புஞ்சையும் இங்கே தனித்தனி உலகங்களாக இருந்ததை டேவிட் லட்டன் 1985-இல் விரிவாகக் காட்டினார். பதநீர் கோடையில்தான் இறங்கும். அந்தச் சில மாதங்களில் காய்ச்சிய கருப்பட்டி மழைக்காலத்து ஈரத்தில் கசிந்துவிடும். பனையேறி அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் விற்க முடியாது. வாங்கி வைத்து, சுமந்து சென்று விற்க இன்னொருவர் வேண்டும்.

இங்கேதான் பிரான்மலைக் கல்வெட்டை அருகில் வைத்துப் படிக்க வேண்டும். எழுத்தமைதி கொண்டு 13-ஆம் நூற்றாண்டினது என மதிப்பிடப்படும் இது, ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் கூடி எடுத்த முடிவைப் பதிகிறது. பதினெண் பட்டினம், முப்பத்திரண்டு வளர்புரம், அறுபத்துநான்கு கடிகைத்தாவளம் என்று குழுவின் விரிவை முதலில் சொல்லிவிட்டு, சரக்குக்குச் சரக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று வகுக்கிறது. உப்பு, அரிசி, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, இரும்பு, பருத்தி, நூல், மெழுகு, தேன், சந்தனம், அகில், பட்டு, குதிரை எனப் பட்டியல் நீள்கிறது. உப்பையும் பட்டையும் ஒரே பட்டியலில் அடக்கும் இந்தப் பார்வை அரசு அதிகாரியுடையது அல்ல, சரக்கை வழியனுப்பிப் பழகியவர்களுடையது. அரசன் விதித்த வரியும் அல்ல இது; வணிகர் தமக்குத் தாமே விதித்துக்கொண்டது. அதே வணிகர்களுக்குப் படைக்கலம் தாங்கிய வீரர்கள் காவலிருந்த எறிவீரபட்டினங்களும் இருந்தன. சுமைக்கு இவ்வளவு என்ற பங்கு, காவலுள்ள தங்குமிடம், பொதுநிதி: பேட்டையின் மூன்று உறுப்புகளும் அப்போதே கண்ணுக்குத் தெரிகின்றன.

பிரான்மலையில் திரண்ட பங்கு கோயிலுக்குப் போனது, பேட்டை மகமையோ முதலில் பேட்டைக்கே செலவானது என்ற வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. இடையில் ஐந்நூறு ஆண்டுகள் கிடக்கின்றன. நேரடி வாரிசுரிமை இங்கே கோரப்படவுமில்லை. ஆனாலும் ஒரே நிலப்பரப்பில் ஒரே சிக்கலுக்கு இருமுறை ஏறத்தாழ ஒரே விடை கிடைத்திருக்க, இரண்டாவதை மட்டும் ஆங்கிலேயர் கணக்கில் எழுதுவது நியாயமாகாது.

பேட்டையின் முடிவுக்கும் ஒற்றை ஆண்டு குறிக்க இயலாது. மதுரை–தூத்துக்குடி ரயில் 1870-களின் நடுவில் விருதுநகர் வழியாக வந்துவிட்டது. சிவகாசிக்கோ 1927-இல்தான் பாதை வந்தது. அதுவரை அங்கே வண்டிமாடுகளுக்கு வேலை இருந்தது. மகமை மட்டும் மதிலைத் தாண்டி வளர்ந்தது: 1889-இல் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலைப் பள்ளி அந்த நிதியில்தான் எழுந்தது.