கருங்காலியும் கடற்காற்றும்

கரம்பொனில் இருந்துகொண்டு பியானோவைப் பற்றி எழுதுவதா என்று வாசகர்கள் வியக்கலாம். பனையும் கடலும் சூழ்ந்த தீவகத்துக்கும் மேல்நாட்டு மாளிகைகளின் வாத்தியத்துக்கும் என்ன உறவு என்பது நியாயமான கேள்வியே. விடை நம் அயலிலுள்ள துறைமுகத்தில் இருக்கிறது. ஊர்காவற்றுறையைப் போர்த்துக்கேயர் 'யானைத் துறை' என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். 'கைற்ஸ்' என்ற வழக்கு அப்பெயரின் எச்சம். ஈழத்துக் காடுகளில் பிடிபட்ட யானைகள் இத்துறையில் கப்பலேறின. நம் நாட்டின் செல்வம் கடல் கடந்து போன கதையில் இத்துறையும் ஓர் அத்தியாயம்.

அக்கதையில் பியானோவுக்கும் இடம் உண்டு. 1700ஆம் ஆண்டளவில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பார்த்தொலோமியோ கிறிஸ்தோபோரி அமைத்த இந்த வாத்தியம், பின்னர் ஐரோப்பிய நடுத்தர வர்க்கத்தின் அந்தஸ்துச் சின்னமாயிற்று. அதன் கறுப்புக் கட்டைகளுக்கு விரும்பப்பட்ட மரங்களுள் இலங்கையின் உலர்வலயக் காடுகளில் வளரும் கருங்காலி தலையாயது. வெள்ளைக் கட்டைகளின் தந்தத்தை ஆபிரிக்கா தந்தது. நம் யானைகளிற் பெரும்பாலானவற்றுக்குத் தந்தமில்லை. அவை உயிரோடு விற்கப்பட்டன. கிழக்கு ஆபிரிக்காவின் தந்தத்தைச் சான்சிபார்த் துறைக்குச் சுமந்து வந்தவர்களுள் அடிமைகள் பலர். அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்தில் அது பியானோக் கட்டைகளாக அறுக்கப்பட்டது. ஒரு பியானோவின் 88 கட்டைகளில் இரு கண்டங்களின் காடுகளும் மனிதரின் கண்ணீரும் படிந்திருந்தன.

இப்படி வெப்ப நாடுகளின் பொருளால் அழகு பெற்ற வாத்தியம், துரைமாரோடும் மிஷனரிமாரோடும் வெப்ப நாடுகளுக்கு வந்து சேர்ந்தபோது நோயுற்றது. மரம் ஈரத்தை உறிஞ்சினால் இழைக்குக் குறுக்காக உப்பும், காய்ந்தால் சுருங்கும். பியானோவின் உயிர் அதன் ஒலிப்பலகையில் இருக்கிறது. ஸ்புரூஸ் என்னும் குளிர்நாட்டு மரத்தாலான அம்மெல்லிய பலகை மாரியில் உப்பி மேலெழும், மேலுள்ள தந்திகள் இறுகும், சுருதி ஏறும். கோடையில் எல்லாம் தலைகீழாகும். ஆண்டுதோறும் இது நிகழ, தந்திகளை இறுக்கும் ஆணிகள் பிடி தளரும். தோலும் எலும்பும் காய்ச்சிய வச்சிரம் ஈரத்தில் இளகும். தந்தி துருவேறும், கட்டைகள் அமுங்கியபடியே நிற்கும், சுத்தியல்களின் கம்பளியை அந்துப்பூச்சி அரிக்கும்.

தீவகத்தில் இத்தொல்லை இரட்டிப்பு. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை கொட்டுகிறது. பின்னர் நீண்ட கோடை. வைகாசி தொடக்கம் உப்பும் புழுதியும் சுமந்து சோளகம் வீசுகிறது.

இதைக் கண்ட குடியேற்ற ஆட்சியாளர் ஒரு முடிவுக்கு வந்தனர்: இந்நாட்டுக் காலநிலை உயர்ந்த பொருள்களை அழித்துவிடும் என்பது. மரத்தின் இயல்பை அறிந்தவர் இதை ஏற்கமாட்டார். கடுங்குளிர் நாடுகளில் மாரிகாலத்தில் வீடுகளைச் சூடேற்றும்போது காற்று வறண்டு, அங்கும் ஒலிப்பலகைகள் வெடிக்கின்றன. எங்கும் பகை ஈரத்தின் ஏற்ற இறக்கமே. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 40 முதல் 60 வரை ஒரே சீராக நின்றால் பியானோ நெடுநாள் வாழும். இவ்வுண்மையை உற்பத்தியாளரும் உணர்ந்திருந்தனர். 19ஆம் நூற்றாண்டில் தேக்குமரப் பெட்டியும் பித்தளைத் திருகாணி பூட்டிய மூட்டுகளுமாகக் குடியேற்ற நாடுகளுக்கென்றே தனிப் பியானோக்களைச் செய்து ஆங்கிலேயர் விற்றார்கள்.

ஆயினும் வாத்தியத்தை வாழவைத்தது பித்தளைத் திருகாணி மட்டுமா? ஈரச் சுவரிலிருந்து அதை நகர்த்தி வைத்தவர், மழைக்காலத்தில் நாள்தோறும் துடைத்தவர், கற்பூரம் இட்டவர், இளகிய மூட்டைப் பிரித்து ஒட்டிய தச்சர், பருவம் மாறுந்தோறும் வந்து சுருதி கூட்டியவர் ஆகிய இவர்களின் உழைப்பே அதன் ஆயுள். வாத்தியத்தின் மேல் உற்பத்தியாளரின் பெயர் பொன்னெழுத்தில் மின்னுகிறது. அதைக் காத்த கைகளின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அந்தக் கைகளுள் எத்தனை, ஒரு கட்டையையேனும் உரிமையோடு தொட்டு வாசித்திருக்கும்?

வேறொரு வழியையும் நம்மவர் கண்டனர். 1875இல் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ், ஐரோப்பாவின் கால்மிதி ஆர்மோனியத்தைத் தரையில் அமர்ந்து கையால் துருத்தியிட்டு வாசிக்கும் பெட்டியாக மாற்றினார். அதில் ஈரத்துக்கு உப்பும் ஒலிப்பலகை இல்லை. தந்தியின் பெரும் இழுவையும் இல்லை. பித்தளை நாக்குகளே ஒலிக்கின்றன. தோளில் சுமந்து செல்லக்கூடிய அப்பெட்டி ஏழைகளின் இசைநாடக மேடைக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் வி. வி. வைரமுத்துவின் நாடகங்களைக் கண்டவர்கள் அதன் வலிமையை அறிவார்கள். அதே ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை விலக்கி வைத்திருந்தது. மக்கள் ஏற்றதைப் பண்டிதர் ஏற்கத் தாமதமாகும் என்பதற்கு இதுவும் சான்று.

அதற்காகப் பியானோவை அந்நியம் என்று ஒதுக்கிவிட நாம் கூறவில்லை. பள்ளியிலோ கோயிலிலோ ஒன்று இருக்குமானால் அது அங்குள்ள பிள்ளைகளின் சொத்து. கடலை நோக்கிய யன்னலருகில் அதை வைக்கலாகாது; சுவரோடு ஒட்டவும் கூடாது. ஈரமானி ஒன்று அருகில் இருக்கட்டும். உள்ளே சிறு மின்விளக்கு எரித்து ஈரத்தைப் போக்கும் பழைய முறையை அளவறிந்து கையாள வேண்டும்; மிகுந்தால் மரம் வெடிக்கும். மாரி முடிந்தபின் ஒருமுறை, சோளகம் ஓய்ந்தபின் ஒருமுறை எனச் சுருதி கூட்டுதல் நலம். இவற்றை மாணவரே கற்றுச் செய்தால் பௌதிகமும் இசையும் ஒரே பாடமாகும்.

1990இல் போர் தீவக மக்களைப் பெயர்த்தெறிந்தபோது பூட்டிய வீடுகளில் ஏடும் கதவும் கட்டிலும் உக்கிப்போயின. அவற்றை உக்கவைத்தது கடற்காற்று என்று சொல்வது எளிது. அதே கடற்காற்றில்தான் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்திருந்தனர். காற்று மாறவில்லை; காக்கும் கைகள் இல்லாமற் போயின. எந்த நாட்டுக் கலைப்பொருளும் வாழ்வதும் மடிவதும் அந்தக் கைகளைப் பொறுத்தது. அக்கைகளுக்கு அறிவும் உரிமையும் கிட்டச் செய்வதே நம் கடன்.