மீயொளிர் விண்மீன்களும் பேரடைத் தூசும்

சூப்பர்நோவா என்று வழங்கும் மீயொளிர் விண்மீன் வெடிக்கும்போது, அது அமைந்த பேரடையில் பரவியிருக்கும் தூசு அதன் ஒளியை உறிஞ்சியும் சிதறடித்தும் மங்கச் செய்வது ஒளிமறைப்பு எனப்படும். சிலிக்கேட்டாலும் கரிமத்தாலும் ஆன இந்த நுண்துகள்கள் சிவப்பைவிட நீல ஒளியை மிகுதியாகத் தடுப்பதால், வந்துசேரும் ஒளி மங்குவதோடு சிவந்தும் போகிறது.

ஐஏ வகை வெடிப்பில் வெண்குறுமீன் ஒன்று முழுவதுமாகச் சிதறுகிறது. இவ்வகை வெடிப்புகளின் உச்ச ஒளிர்வு ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதால், தோன்றும் ஒளிர்வைக் கொண்டு தொலைவைக் கணிக்கலாம். அண்டம் முடுகி விரிவதை 1998-இல் காட்டியவையும் இவையே. தூசைப் பிழையாகக் கழித்தால் தொலைவும் பிழையாகும் என்பதே இம்முறையின் பெருஞ்சிக்கல்.

இதை மிகத் தெளிவாக உணர்த்தியது எம்82 பேரடையில் 2014 ஜனவரி 21 அன்று லண்டனில் கண்டறியப்பட்ட எஸ்என் 2014ஜே என்னும் ஐஏ வகை வெடிப்பு. சுமார் 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவிலேயே இருந்தும், அடர்ந்த தூசுக்குப் பின்னால் நின்றதால், அதன் காணுறு ஒளியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே புவிக்கு எட்டியது. லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனம் நடத்தும் 2 மீட்டர் தொலைநோக்கி இதைக் காணுறு ஒளியிலும், தூசை எளிதில் ஊடுருவும் அகச்சிவப்பிலும் ஆராய்ந்தது. வெண்குறுமீனின் நிறை வரம்பை வகுத்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரையே அத்தொலைநோக்கி தாங்கியிருப்பது பொருத்தமானது.

நிறம் எவ்வளவு சிவந்தது என்பதை அளந்தால் மட்டும் போதாது. அச்சிவப்புக்கு ஈடாக மொத்த ஒளி எவ்வளவு குறைந்தது என்னும் விகிதமும் வேண்டும். பால்வீதியில் இவ்விகிதம் சராசரியாக 3.1, எஸ்என் 2014ஜே-க்கோ 1.4 அளவே கிடைத்தது. எம்82-இன் தூசு நம் பேரடைத் தூசைவிட நுண்ணியதா, வெடிப்பைச் சுற்றியிருந்த தூசில் ஒளி பலமுறை சிதறியதா என்று விவாதம் எழுந்தது. எக்காரணமாயினும், பால்வீதியின் எண்ணை அப்படியே இட்டுக் கணித்தால் அப்பேரடை உண்மைத் தொலைவில் பாதிக்கும் குறைவான தொலைவில் இருப்பதாக விடை வரும். ஆகவே ஒரே எண்ணை எல்லாப் பேரடைகளுக்கும் பொருத்துவது ஏற்கத்தக்கதன்று. அகச்சிவப்பு அளவீட்டையும் சேர்த்து ஒவ்வொரு வெடிப்புக்கும் தனியே விகிதம் காண்பதே நம்பத்தக்க வழி.

தூசு மேலும் அடர்ந்தால் திருத்தத்துக்கே இடமிராது. அதே எம்82-இன் மையப்பகுதியில் வெடித்த எஸ்என் 2008ஐஇசட் காணுறு ஒளியில் தென்படவேயில்லை. ரேடியோ அலைகளே அதைக் காட்டிக்கொடுத்தன.