ஓலைப்பெட்டி முதல் மஞ்சப்பை வரை



எங்க ஆச்சி கடைக்குப் போனால் கையில் ஓலைப்பெட்டி இருக்கும். கருப்பட்டி ஓலைக்கொட்டானில் வரும், அல்வா வாழை இலையில் வரும். பாத்திரம் துலக்க சாம்பலும் தேங்காய் நாரும்தான்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எதற்கெடுத்தாலும் கேரி பை என்று ஆகிவிட்டது. தூக்கிப் போட்ட பை வாய்க்கால் வழியாக தாமிரபரணியில் சேர்ந்தது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் இந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் நாம குடிக்கிறோம்.

2019 ஜனவரி 1 முதல், ஒரு தடவை பயன்படுத்தி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்கு தமிழக அரசு தடை போட்டது. 2021 டிசம்பர் 23-ல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. ஆனாலும் பை எடுக்க மறந்து, கடையில் கேரி பை கேட்டு வாங்கியவள்தான் நானும்.

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால், எங்க ஊர் வேலியிலும் கருவேல மரத்திலும் கேரி பையாகத் தொங்கியது. அதில் நான் போட்டதும் இருக்கும் என்று நினைச்சப்போ வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு எங்க குழுவில் பழைய சேலையில் பை தைத்து, ஆளுக்கு இரண்டு வைத்துக்கொண்டோம். மறக்காமல் இருக்க ஒன்றை வாசல் பக்கத்து ஆணியில் மாட்டியிருக்கேன். நீங்களும் மாட்டி வையுங்க. நம்ம பிள்ளைகளும் அதைப் பார்த்துப் பழகட்டும்.